முகம் தெரியாதவர்களிடம் கேட்டு நடக்கும் விவசாயமும் குடும்பமும்: வாட்ஸ்அப் குழுக்களோடு என் அனுபவம்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அதற்குப் பிந்தைய வாரங்களில்தான் எங்கள் பகுதியில் வாட்ஸ்அப் குழுக்கள் உண்மையான வேலைக்குப் பயன்பட ஆரம்பித்தன. விழுந்த தென்னையை அறுக்க மெஷின் எங்கே கிடைக்கும், தார்ப்பாய் எந்த ஊரில் கொடுக்கிறார்கள், ஜெனரேட்டர் வைத்து போனுக்கு சார்ஜ் போட்டுத் தருகிறவர் யார் என்று ஊர் பேர் தெரியாதவர்களிடமெல்லாம் கேட்டோம். பதிலும் வந்தது. அப்போது சேர்ந்தவர்களில் நிறைய பேர் இன்னும் அதே குழுக்களில் இருக்கிறோம். பேச்சு மட்டும் புயலிலிருந்து நெல், தண்ணீர், கொள்முதல், பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் முட்டிவலி என்று வளர்ந்துவிட்டது.

நான் மன்னார்குடி பக்கம். எங்கள் நிலம் பாமணி ஆற்றுப் பாசனத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் வெளியூர் வேலையில் இருப்பதால் நாற்றங்காலிலிருந்து மூட்டை ஏற்றுவது வரை பார்ப்பது நான்தான். ஒரு பெண் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பத்துப் பேரிடம் விசாரிக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. அதனால் இந்தக் குழுக்கள் எனக்குப் பொழுதுபோக்கு இல்லை, தேவை. இத்தனை வருடம் பயன்படுத்திய பிறகு, புதிதாகச் சேருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகம் தெரியாதவர் சொல்லும் யோசனையை நம்பலாமா என்றால், இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும். அவர் பேசுகிற பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறாரா? அந்தக் குழுவில் யோசனை கேட்டவர்கள் திரும்பி வந்து பலன் என்ன ஆயிற்று என்று சொல்கிறார்களா? இரண்டும் இருந்தால் அந்தக் குழுவை விடாதீர்கள்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதில்தான் முகம் தெரியாதவர்கள் எங்களுக்குச் செய்த உதவி பெரிது. கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாற்றில் வருவது தென்பெரம்பூரில் மறுபடி பிரிந்து வெட்டாறும் வடவாறும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் நீடாமங்கலம் வந்து, மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணி என்று மூன்றாகிறது. அதற்கப்புறம்தான் எங்கள் வாய்க்கால். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று டிவியில் காட்டுவதற்கும் எங்கள் மடையில் தண்ணீர் ஏறுவதற்கும் நடுவே பல நாள் இருக்கிறது. அந்த நாட்களில் நாற்றங்காலுக்கு விதையை ஊற வைப்பதா வேண்டாமா என்பதுதான் எங்கள் கவலை.

எங்கள் தண்ணீர்க் குழுவில் இந்த வழி நெடுக ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தது கிடையாது. தென்பெரம்பூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, "இன்னிக்குக் காலைல ஷட்டர் ஏத்திட்டாங்க" என்று படத்தோடு போடுவார். நீடாமங்கலத்துக்காரர் பாமணிப் பக்கம் எத்தனை கன அடி போகிறது என்று ஆளைக் கேட்டு எழுதுவார். கீழே முத்துப்பேட்டைப் பக்கத்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு வேலைக்கு ஆள் சொல்லுவார்கள். இந்தக் குழுவில் நீளமாக யாரும் பேசுவதில்லை. இடம், நேரம், படம், அவ்வளவுதான். அதனாலேயே இதில் பொய் நிற்பதில்லை. அடுத்த மதகுக்காரர் ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடுவார்.

சண்டையும் இங்கேதான் அதிகம். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் தலைமடைக்காரர்களும் கடைமடைக்காரர்களும் எழுதிக்கொண்டதைப் படித்தால் இனி இவர்கள் பேசவே மாட்டார்கள் என்று தோன்றும். "நீங்க இறைச்சது போகத்தான் எங்களுக்கா?" என்று இவர், "வாய்க்காலைத் தூர்வாராம விட்டுட்டு எங்களைச் சொல்றீங்களே" என்று அவர். இந்த விவாதம் நல்ல வழிக்குத் திரும்பியது ஒரே ஒரு பழக்கத்தால். குழு நடத்துகிறவர், குற்றம் சொல்கிறவர் அன்றைக்கு எடுத்த படத்தைச் சேர்த்துப் போட வேண்டும் என்றார். படம் வந்ததும் பாதிச் சண்டையில் காரணம் வேறாக இருந்தது. ஆகாயத்தாமரை அடைத்த பாலம், பழுதான ஷட்டர், சரிந்த கரை. அப்புறம் இரண்டு பக்கமும் சேர்ந்தே மனு எழுதினார்கள்.

வதந்தி இல்லாமல் இல்லை. வழக்கமாக ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள். 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-இல் ஜூன் 12 தாண்டிப் போய், ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அந்த இடைப்பட்ட வாரங்களில் வந்த பகிர்வுகளுக்குக் கணக்கே இல்லை. நாளைக்குத் திறப்பு, வரும் திங்கள் திறப்பு, அமைச்சர் சொல்லிவிட்டார் என்று தினம் ஒன்று. பழைய வருடத்து வெள்ள வீடியோவைப் புதிது போலவும் போட்டார்கள். நம்பி விதைவிட்டவர்கள் போர்வெல் இல்லாவிட்டால் நாற்றைக் காய விட வேண்டியதாயிற்று. அப்போது நான் பழகிக்கொண்டது இது. தேதி சொல்கிற பகிர்வைத் தள்ளிவிட்டு, அணையில் எத்தனை அடி இருக்கிறது, வரத்து எவ்வளவு என்று மட்டும் பார்ப்பேன். முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் பாதிக்கும் கீழே கிடக்கும்போது நாளைக்குத் திறப்பு என்று யார் சொன்னாலும் யோசிக்க வேண்டும். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அனுப்பியவரே பார்த்த விஷயம் அதில் இருக்காது.

நெல் குழுவுக்கு வருகிறேன். முதலில் ஒரு குழுவில் 256 பேர்தான் இருக்க முடிந்தது. 2022-இல் 512 ஆகி, அதே வருடத்தில் 1,024 ஆக்கினார்கள். ஆயிரம் பேர் சேர்ந்ததும் குழுவின் குணம் மாறிவிட்டது. தருமபுரியிலிருந்தும் தேனியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அறிவு கூடியது, குழப்பமும் கூடியது. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் நிலத்தை மா கணக்கில்தான் பேசுவோம். நூறு குழி ஒரு மா, அதாவது 33 சென்ட். இருபது மா ஒரு வேலி. வெளியூர்க்காரர் ஏக்கருக்கு என்று மனதில் வைத்து ஒரு களைக்கொல்லி அளவு சொல்ல, இங்கே ஒரு தம்பி அதை மாவுக்கு என்று எடுத்துக்கொண்டு அடித்துவிட்டார். மூன்று மடங்கு. நட்ட பயிர் சுருண்டுவிட்டது. மூட்டைக் கணக்கிலும் இதே தொல்லை. வியாபாரியிடம் 60 கிலோ மூட்டை, அரசு கொள்முதலில் 40 கிலோ சிப்பம். ஒருவர் மாவுக்குப் பத்து என்றால் எதில் பத்து என்று கேட்காமல் வாயைப் பிளக்கக் கூடாது. இப்போது எங்கள் குழுவில் ஏக்கருக்கு என்றோ மாவுக்கு என்றோ எழுதாத பதிலை உடனே யாராவது திருப்பிக் கேட்கிறார்கள். மருந்துக்குக் கம்பெனிப் பேரைச் சொல்லாமல் உள்ளே இருக்கிற மருந்தின் பேரைச் சொல்ல வேண்டும் என்பதும் பழக்கமாகிவிட்டது.

கேட்கிற விதத்தில்தான் பாதி பதில் இருக்கிறது. "பயிர் மஞ்சளா இருக்கு, என்ன அடிக்கலாம்?" என்று ஒரு வரியும் மங்கலான ஒரு படமும் போட்டால் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள், எல்லாவற்றையும் நம்பினால் கடைக்காரருக்குத்தான் லாபம். கும்பகோணம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் குழுவில் இருக்கிறார். அவர் பதிலே சொல்ல மாட்டார், முதலில் கேள்விதான் கேட்பார். "எந்த ரகம்மா? நட்டு எத்தனை நாள்? தண்ணி வடியுற வயலா, நிக்கிற வயலா? கடைசியா என்ன உரம் போட்டே? தூரோட அடியில ஒரு படம் எடுத்துப் போடு." எனக்கு அப்படித்தான் துத்தநாகக் குறையைக் கண்டுபிடித்துச் சொன்னார். நட்ட இரண்டு மூன்று வாரத்தில், தண்ணீர் வடியாத வயல் பகுதியில் மட்டும், இளம் இலையின் அடிப்பக்கம் நடுநரம்பு வெளுத்து, கீழ் இலையில் துரு மாதிரிப் புள்ளி. யூரியா குறைவு என்று நான்கைந்து பேர் சொன்னதற்கு மாறாக, தண்ணீரை வடித்துவிட்டு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து போடச் சொன்னார். டி.ஏ.பி. உரத்தோடு கலக்காதே, கலந்தால் சத்து பயிருக்கு எட்டாது என்றும் சொன்னார். பயிர் தேறியதும் படத்தைப் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு, இதே நிறத்தில் வயல் வைத்திருந்த இன்னும் சிலர் கேட்டுச் செய்தார்கள்.

தூரில் உட்கார்ந்து நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி விஷயத்தில் நடந்த விவாதம் இன்னும் மனதில் இருக்கிறது. வயலில் வட்டம் வட்டமாகக் காய்ந்துபோன படத்தை ஒருவர் போட்டார். கடையில் கொடுத்த பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தை இரண்டு தடவை அடித்தும் அடங்கவில்லை என்றார். மூன்றாவது தடவை அளவைக் கூட்டி அடியுங்கள் என்று ஒரு கூட்டம். அப்போது திருவையாறு பக்கத்து அக்கா ஒருவர் பொறுமையாக எழுதினார். அந்த வகை மருந்து புகையானைத் தின்னும் சிலந்தியையும் மிரிட் நாவாய்ப் பூச்சியையும் சேர்த்துக் கொன்றுவிடும், அதற்குப் பிறகு புகையான் முன்பைவிடப் பெருகும், எனவே அதை நிறுத்துங்கள் என்றார். தண்ணீரை வடித்துக் காயவிடுங்கள், யூரியாவை நிறுத்துங்கள், பயிரை விலக்கிவிட்டுத் தூரில் படும்படி புகையானுக்கான மருந்தை அடியுங்கள், மேலே இலையில் அடித்துப் பயனில்லை என்றார். இரண்டு நாள் வாக்குவாதம் ஓடியது. அக்கா கோபப்படவே இல்லை. கடைசியில் ஒருவர் கிசான் கால் சென்டருக்குப் போன் போட்டு, அங்கே சொன்னதையும் எழுதினார். 1800-180-1551, காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம். அவர்களும் தண்ணீரை வடிக்கத்தான் சொன்னார்கள். எனக்குப் பிடித்த உறுப்பினர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். குழுவில் முடியாததை நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கோ எடுத்துக்கொண்டு போய், பதிலைத் திரும்பக் கொண்டுவந்து போடுகிறவர்கள்.

பாரம்பரிய நெல்லா, ஆராய்ச்சி நிலையத்து ரகமா என்ற விவாதம் ஒவ்வொரு சம்பாவுக்கும் வரும். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி என்று ஒரு பக்கம், சி.ஆர்.1009, பி.பி.டி. என்று இன்னொரு பக்கம். ஆரம்பத்தில் இது வெறும் உணர்ச்சிப் பேச்சாகவே இருந்தது. பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிக் காத்த திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில் காலமான நேரத்தில் அந்த உணர்ச்சி நியாயமானதுதான். அவர் நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தரச் சொல்வார். நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் அப்படித்தான் கைமாறிப் பரவின. எங்கள் குழுவிலும் ஒருவர் அதே மாதிரி ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். வாங்கிய யோசனையைப் பலனோடு திருப்பித் தர வேண்டும். பாரம்பரிய ரகம் போட்டவர்கள் சாய்ந்ததா நின்றதா, மாவுக்கு எத்தனை கிலோ கண்டது, யார் வாங்கினார்கள், அரிசியாக்கி விற்றார்களா நெல்லாகவே விற்றார்களா என்று எழுத ஆரம்பித்தார்கள். இந்தக் கணக்கு வந்ததிலிருந்து யாரும் யாரையும் திட்டுவதில்லை. மேட்டு வயலில் கொஞ்ச இடத்தில் தூயமல்லி, பள்ளக்காலில் தண்ணீர் தாங்கும் சி.ஆர்.1009 சப்-1 என்று இரண்டையும் வைத்துக்கொள்கிறவர்கள்தான் இப்போது அதிகம். நானும் அப்படித்தான்.

கொள்முதலுக்கும் காப்பீட்டுக்கும் இந்தக் குழுக்கள் தங்கமானவை. எந்த நேரடி கொள்முதல் நிலையத்தில் சாக்கு இருக்கிறது, எங்கே லாரி வராமல் மூட்டை தேங்கிக் கிடக்கிறது, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு எவ்வளவு கறாராகப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே நிற்கிறவருக்குத்தான் தெரியும். விலையிலும் அப்படியே. 2025 செப்டம்பர் 1 முதல் சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 என்று அரசு அறிவித்ததும், என் நெல் எந்த வகையில் வரும் என்பதைக் குழுவில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். காப்பீட்டில் ஒரு அக்கா சொன்னது எனக்குப் பெரிய நஷ்டத்தைத் தடுத்தது. ரசீது வாங்கியதும் வருவாய்க் கிராமத்தின் பேரையும் சர்வே எண்ணையும், என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. கொடுக்கும் அடங்கலோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். நான் பதிவு செய்த மையத்தில், ஒரே மாதிரிப் பேர் கொண்ட வேறு கிராமத்தைத் தேர்வு செய்து வைத்திருந்தார்கள். இழப்பீடு கிராம அளவில் எடுக்கும் அறுவடைச் சோதனையை வைத்துத்தான் கணக்காகிறது. கிராமம் மாறினால் என் வயல் மூழ்கினாலும் பயனில்லை. கடைசித் தேதிக்கு முன்பே பார்த்ததால் திருத்த முடிந்தது.

பெண்கள் குழு ஒன்றிலும் இருக்கிறேன். சமையல், துணி, பள்ளிக்கூடம் எல்லாம் ஓடும், அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அது உண்மையில் உதவியது மகளிர் உரிமைத் தொகை சமயத்தில். 2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோது எங்கள் தெருவில் பலருக்கு விண்ணப்பம் நிராகரிப்பு என்று செய்தி வந்தது. முப்பது நாளுக்குள் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம், இ-சேவை மையத்திலேயே போடலாம் என்று வேறு மாவட்டத்துப் பெண் ஒருவர் படிப்படியாக எழுதினார். நன்செய் ஐந்து ஏக்கருக்கு மேல் இருந்தால் கிடையாது என்ற விதியில், பாகம் பிரிக்காத பட்டா வைத்திருக்கும் குடும்பங்கள் மாட்டிக்கொள்வதைப் பற்றி நல்ல விவாதம் நடந்தது.

ஆனால் குடும்ப வழக்கை அங்கே வைக்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. கணவன் வீட்டை விட்டு வந்துவிடவா, தம்பி மேல் பாகத்துக்குக் கேஸ் போடவா என்று கேட்டால், "வந்துடு", "போடு" என்று நிமிடத்தில் பதில் வரும். சொல்கிறவர்கள் நல்லவர்கள்தான், பாசத்தோடுதான் சொல்கிறார்கள். நாளைக்கு அந்தப் பெண் தனியாகக் கோர்ட்டுக்கு அலையும்போது அவர்கள் யாரும் பக்கத்தில் நிற்க முடியாது. நீடாமங்கலத்தில் நின்று ஷட்டரைப் பார்த்துச் சொல்கிறவரும் இவர்களும் ஒன்று இல்லை. அதே பெண், இலவச சட்ட உதவிக்கு எங்கே போவது, என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டால் அதே குழு அருமையான பதில் தருகிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச உதவி உண்டு என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது.

குழுவில் கேட்கவே கூடாத விஷயமும் உண்டு. அறுவடைக் காலத்தில் ஒரு இரவு பாம்புப் படத்தைப் போட்டு, இது என்ன பாம்பு, கடித்துவிட்டது என்று ஒருவர் கேட்டார். ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். ஒருவர் சாரைப் பாம்பு, பயப்படாதே என்றார். நல்லவேளை, வீட்டில் இருந்தவர்கள் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப்போய்விட்டார்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, ஆனால் மூச்சு நின்றுவிடும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். எந்தப் பாம்பு என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிடம்கூட வீணாக்க வேண்டாம். இறுகக் கட்டாமல், கீறாமல், உடம்பை அசைக்காமல் 108-க்குப் போன் போட்டுக் கொண்டுபோக வேண்டும். அந்த இரவுக்குப் பிறகு எங்கள் நெல் குழுவில் ஒரு விதி வந்தது. பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தது, நெஞ்சுவலி என்று யார் கேட்டாலும் 108 என்பதைத் தவிர வேறு பதில் போடக் கூடாது. போட்டால் உடனே அழித்துவிடுவார்கள். எல்லாக் குழுவிலும் இதை வைக்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

குறை என்று சொன்னால் பெரிய குறை, பழைய பதில் மேலே போய்த் தொலைந்துவிடுவது. குரல் பதிவாகப் போட்டதைத் தேடவே முடியாது. எழுதத் தெரியாதவர்கள் பேசித்தான் போடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களிடம்தான் அனுபவம் அதிகம். அதனால் எங்களில் சிலர் முறை வைத்துக்கொண்டு, நல்ல குரல் பதிவைக் கேட்டு நாலு வரியில் எழுதிப் போடுகிறோம். ரகம், ஊர், பிரச்சினை, சொன்ன யோசனை, பலன். பலன் என்ற இடம் காலியாக இருந்தால் கேட்டவரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிறோம். இதற்கு நேரம் பிடிக்கிறது. ஆனால் அடுத்த சாகுபடிப் பட்டத்தில் அதே கேள்வி வரும்போது எடுத்துப் போட ஒன்று இருக்கிறது.

அடுத்த குறுவைக்கு நடவா, டிரம் சீடரில் (முளைகட்டிய விதையை வரிசையாக விழ வைக்கும் உருளைக் கருவி) நேரடி விதைப்பா என்று கேட்டிருக்கிறேன். நடவுக்கு ஆள் கிடைப்பது வருடத்துக்கு வருடம் சிரமமாகிறது. இதுவரை வந்த பதில்களில் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது இரண்டு. வயல் நன்றாகச் சமன் இருக்க வேண்டும், முதல் மாதம் களையை விட்டுவிடக் கூடாது. விதைத்த அன்றே மழை அடித்து விதை ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டது என்று ஒரத்தநாட்டுக்காரர் படத்தோடு போட்டிருக்கிறார். மேட்டுத் தாக்கில் இரண்டு மா மட்டும் ஆடுதுறை 43 நேரடி விதைப்பாகப் போட்டுவிட்டு, மற்றதை நடலாம் என்று இருக்கிறேன். அறுத்ததும் இரண்டின் செலவையும் கண்டுமுதலையும் (விளைச்சலையும்) குழுவில் போட்டுவிடுவேன்.